தம்பியின் வரிகள்

பாத்திரம் தேய்ப்பது மகள், துடைத்து அடுக்குவது அப்பா. அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று தம்பி ஒரு துணியோடு சுற்றிவருவான்; துணிதான் சுற்றும், மேஜை அப்படியே கிடக்கும். ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோன பிறகு, அந்த மேஜையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

அக்காவும் தம்பியும் ஒரே மென்பொருள் அலுவலகம். அங்கே ஒரே ஃபைலை நாலு பேர் தங்கள் தங்கள் நகலில் நாலு விதமாகத் திருத்துவார்கள். அவற்றைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, மோதுகிற இடத்தில் யாருடையது நிற்கலாம் என்று முடிவுகட்டி ஒன்றாக்குவது அவள் வேலை. “எங்கக்காகிட்ட விடுங்க, ரெண்டு மாமியாரைக்கூட ஒரே அடுப்படியில சேர்த்துடுவா” என்பான் தம்பி, ஆபீசுக்கே கேட்கும்படி.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். மற்றவர்கள் ‘பிழை திருத்தம்’ என்று முடித்துக்கொள்வார்கள். இவன், ‘அக்கா பார்க்கறதுக்குள்ள சரி பண்ணியாச்சு, யாரும் மூச்சு விடாதீங்க’ என்று எழுதுவான். சாப்பிடும்போது, “அப்பா, உங்க பொண்ணைப் பத்தி ஒரு புராணமே எழுதி வெச்சிருக்கேன், ஒருநாள் காட்டறேன்” என்பான்.

இன்று கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு அப்பா கேட்டேவிட்டார்.

“அந்தப் புராணத்தைக் கொஞ்சம் காட்டேம்மா.”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை எடுக்கப் போனாள். அவன் போன சில வாரத்தில் ஆபீசில் மேலாளர் அவளிடம் வந்து தயங்கி நின்றார். “உங்க தம்பி வேலை பாதியில நிக்குது. வேற யாரையாவது சேர்க்கச் சொல்லட்டுமா?”

“யாரும் கை வைக்க வேண்டாம் சார். நான் செய்யறேன்.”

மோதிய இடத்திலெல்லாம் அவன் வரியையே நிறுத்தினாள். ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆபீஸ் வழக்கப்படி, அவனுடைய சின்னச் சின்னச் சேமிப்புகளை ஒன்றாகச் சுருட்டிச் சேர்த்தாள். அப்படிச் சேர்த்தால் சேர்த்தவர் பெயர்தான் நிற்கும், குறிப்புகளும் வராது. அவன் தனியாக வைத்திருந்த நகலையும் அழித்தாள். தினம் செய்கிற வேலை, கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. குறிப்புகளும் போய்விட்டன என்று உறைத்தபோது, பழைய நகல்கள் கிடந்த சர்வரைச் சுத்தம் செய்திருந்தார்கள். அவன் கணினியும் வழித்துத் துடைக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போயிருந்தது.

மடிக்கணினியைத் திறந்து அப்பா முன்னால் வைத்தாள்.

“இதெல்லாம் அவன் எழுதினதுப்பா.”

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் ஓரத்தைப் பார்த்தார். “ஒவ்வொரு வரிக்கும் உன் பேருல்ல போட்டிருக்கு?”

“நான் சேர்த்தேன்ல, அதனால.”

“கிண்டல் பண்ணியிருந்தானே, அது எங்க?”

“போயிடுச்சுப்பா. நான்தான்... பழக்க தோஷத்துல.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“எனக்கு ஞாபகம் இருக்குப்பா, சொல்றேன். ‘அக்கா பார்க்கறதுக்குள்ள...’”

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரிக்கவேண்டிய இடத்தில் லேசாகத் தலையாட்டக்கூடச் செய்தார். பிறகு, “நீ சொன்னா உன் குரல்தாம்மா கேக்குது” என்றார்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

“அப்பா, என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போங்களேன்.”

அவர் நிலைப்படியைத் தாண்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.