கேமரா பக்கத்துக் கண்

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு அழுகைக் காட்சிக்காகக் காத்திருந்தேன். சென்னையில் படப்பிடிப்புக்கென்று வாடகைக்கு விடும் ஒரு பங்களா. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஹாலில் விளக்குகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சீரியலில் என் மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழ வேண்டும். என்னிடம் கொடுத்த சட்டை அப்போதுதான் இஸ்திரி போட்டு வந்திருந்தது. உடுத்திய சட்டை மாதிரித் தெரியவில்லையே, கசக்கிக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா."

"எப்ப?"

"இப்பத்தான். விடியக்காலையில காட்டுக்குப் போயிட்டு வந்து கஞ்சி குடிச்சாரு. நெஞ்சக் கரிக்குதுன்னு கட்டில்ல படுத்தாரு. எந்திரிக்கவே இல்ல. நீ கெளம்பி வா."

"வாரேன்" என்றேன்.

டைரக்டர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "நீங்க கெளம்புங்க மேடம், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மதுரைக்கு அடுத்த விமானம் மதியம்தான் என்று மேனேஜர் பார்த்துச் சொன்னார். அதுவரை எங்கே போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் எனக்கு அமையவில்லை.

"அந்த ஒரு ஷாட்டை எடுத்துருவோம் சார்" என்று நான்தான் சொன்னேன்.

கிளிசரின் இல்லாமல் அழுகிறவள் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் பெயர். எனக்குச் சோறு போட்டதும் அதுதான். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ரொம்ப வருஷம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பிறகு அப்பா கொஞ்சம் வானம் பார்த்த நிலம் வாங்கினார். ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். மதுரையை அடுத்த ஒத்தக்கடைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அப்போது ஒரு சினிமாக் கம்பெனியிலிருந்து வந்து, கதாநாயகனின் தங்கை வேஷத்துக்குக் கறுப்பாக, களையாக ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். சிநேகிதிகள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். அழச் சொன்னார்கள், அழுதேன். எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எப்படி அழுதேன் என்று எனக்கே தெரியாது. போகப் போகத்தான் பிடிபட்டது. விளக்கைக் கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். தொண்டையை விழுங்குகிற மாதிரி இறுக்கி, விழுங்காமல் நிறுத்த வேண்டும். கேமரா பக்கம் இருக்கிற கண்ணில் தண்ணீர் வந்தால் போதும். இன்னொரு கண் எப்படி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. துக்கமான எதையும் நினைக்க வேண்டியதில்லை. நினைத்தால் முகம் கோணிப்போகும்.

சினிமா நாலைந்து படங்களோடு நின்றுபோனது. சீரியல் கூப்பிட்டது. தங்கையாக, மருமகளாக, அண்ணியாக இருந்தேன். நாற்பது ஆவதற்குள் அம்மா ஆனேன். எனக்கு மகனாக வந்த பையன்களுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயதுதான் குறைவு. எல்லா வேஷத்திலும் அழுதேன். ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஒருமுறை கேட்டார். "ஏத்தா, எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்கியே. ஒரு நாளாச்சும் சிரிக்கிற வேசம் குடுக்க மாட்டாய்ங்களா?" கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதையெல்லாம் போய்க் கேட்க முடியாது.

அன்றைய ஷாட் முதல் டேக்கிலேயே ஓகே ஆனது. கண்ணீர் சரியான நேரத்தில் வந்து, கன்னத்தில் நின்று, சட்டையில் விழுந்தது. கட் சொன்னார்கள். லைட்மேன் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேக்கப் போடும் அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ நெனைச்சுட்டியாம்மா" என்றாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது சட்டையின் கையில் கலையாமல் நின்ற இஸ்திரி மடிப்பை. அதைச் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு விமானநிலையத்துக்குப் போனேன்.

மதுரையில் இறங்கித் திருமங்கலம் வழியாகக் காரில் போனேன். கள்ளிக்குடிப் பக்கம் மழை பெய்திருக்கும் போலிருக்கிறது என்று டிரைவர் சொன்னார். ஆமாம் என்றேன். நான் வெளியே பார்க்கவில்லை.

தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. நான் இறங்கியதும் கூட்டம் விலகி வழி விட்டது. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சில் வெள்ளை வேட்டியோடு கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காலையில் காட்டுக்குப் போய்வந்த மண் நக இடுக்கில் இருந்தது. குளிப்பாட்டும்போது போய்விடும் என்று நினைத்தேன்.

பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் தோளில் தலையைச் சாய்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. தொண்டையும் கண்ணும் காய்ந்து கிடந்தன. பழகின வித்தை அப்போது நினைவுக்கே வரவில்லை. அத்தை என் காதருகில், "அழுதுருத்தா, நெஞ்சுக்குள்ள வச்சுக்கிராத" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "டிவியில அம்புட்டு அழுவுறா. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு வருதா பாரு" என்றது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, குரல் கம்மிப்போகும்வரை ஒப்பாரி வைத்தாள்.

நிறைய பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கடைத் திறப்பு விழாக்களுக்குப் போய்ப் போய் எனக்கு ஒரு பழக்கம். முகத்துக்கு நேரே போனை நீட்டினால் உதடு தானாக விரியும். அன்றைக்கும் யாரோ பக்கத்தில் வந்து நீட்டியிருக்கிறார்கள், உதடு விரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தம்பி போனைக் கொண்டுவந்து காட்டினான். 'சீரியலில் அழுகை, அப்பா சாவில் சிரிப்பு' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அப்பா கிடக்கிறார். பக்கத்தில் நான் நிற்கிறேன். சிரிக்கிறேன். நிஜமாகவே சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"நம்ம ஊர்க்காரப் பயதான் எடுத்திருக்கான். எவன்னு தெரியட்டும், கைய ஒடிக்கிறேன்" என்று தம்பி குதித்தான்.

"விடுடா" என்றேன்.

"என்னத்த விட? கீழ உன்னய எம்புட்டு கேவலமா எழுதிருக்காய்ங்கன்னு படிச்சுப் பாத்தியா?"

படித்தேன். கொஞ்ச நேரம் படித்தேன். யாரையோ பற்றி எழுதியிருக்கிற மாதிரி இருந்தது.

கருமாதி முடிந்ததும் அம்மாவை ஒத்தக்கடைக்குக் கூட்டி வந்தேன். படித்த இடம் என்பதால் சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு சின்ன வீடு கட்டியிருந்தேன். சேனலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், வீடியோ ரொம்பப் பரவிடுச்சு. சீரியலுக்கும் கெட்ட பேரு. நீங்களே ஒரு சின்ன வீடியோ போட்டுருங்க. அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை. கொஞ்சம் எமோஷனலா இருந்தா நல்லது."

சரி என்றேன். மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அறைக் கதவைச் சாத்தி, போனைப் புத்தக அடுக்கின்மேல் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்தேன். "எங்கப்பா ஒரு விவசாயி" என்று ஆரம்பித்தேன். ஜன்னலைப் பார்த்தேன், தொண்டையை இறுக்கினேன். கண் எரிய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் வந்துவிடும். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனசு கணக்குப் பார்த்தது. அது புரிந்ததும் எழுந்து போனை அணைத்துவிட்டேன். பிறகு சேனல்காரர் கூப்பிட்டபோது, என்னால் முடியாது சார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை மேடம் என்றார்.

அந்த வாரமே சட்டைக் காட்சி ஒளிபரப்பானது. நான் சொல்லவில்லை, அம்மாவாகத்தான் டிவியைப் போட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"இது எப்ப எடுத்தது?"

"அப்பா செத்த அன்னைக்கு."

"சேதி தெரியறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"தெரிஞ்ச பெறகு."

திரையில் நான் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா விளம்பரம் வரும்வரை பார்த்தாள்.

"இத உங்கப்பாவுக்கு வச்சுக்கிருவோம்" என்றாள்.

"இல்லம்மா. அது அந்தப் பையனுக்கு அழுதது."

"அவன் யாரு? உனக்கு என்ன ஒறவு?"

"ஒண்ணுமில்ல. கதையில வர்றதுதான்."

"பெறகென்ன? நான் மட்டும் என்னவாம். அம்புட்டுப் பேரு முன்னாடி கத்துனேன், மாரடிச்சேன். உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லத்தா. மரத்துப்போய்க் கெடந்துச்சு. இன்னமும் அப்படித்தான் கெடக்கு. ஊருல நாலு பேரு ஏதாச்சும் சொல்லுவாகன்னு கத்துனேன்." டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "சோத்தப் போடு. பசிக்குது."

ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். அம்மா சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்கும் உள்ளே ஒன்றும் இல்லை என்று கேட்டதிலிருந்து வீட்டுக்குள் நடமாடுவது கொஞ்சம் எளிதாக இருந்தது.

நான் திரும்பப் படப்பிடிப்புக்குப் போகவில்லை. கதையை மாற்றிவிட்டோம் என்று மேனேஜர் போன் பண்ணினார். மகனைத் தேடிப் போன அம்மா விபத்தில் இறந்துவிட்டாள். விபத்தைக் காட்டவில்லை, வசனத்தில் சொன்னார்கள். அடுத்த எபிசோடில் ஹால் சுவரில் என் போட்டோ மாலையோடு தொங்கியது. பழைய போட்டோ. ஏதோ கல்யாணக் காட்சியில் எடுத்தது. அம்மா அந்த எபிசோடைப் பார்க்கவில்லை, நல்லவேளை.

மக்காச்சோளம் ஒடிக்கிற பருவம் வந்ததும் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். "தம்பி ஒத்தையில கெடந்து அல்லாடுவான். இங்கிட்டு எனக்கு என்ன வேலை?" என்றாள். காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பழம் வாங்க வேண்டும் என்று சொன்னதால் வழியில் மதுரை சிம்மக்கல்லில் இறங்கினோம். மொத்தப் பழக்கடைகள் வரிசையில் அம்மா ஒவ்வொரு வாழைத்தாராகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு கடையில் பழம் வாங்க நின்ற ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்க அந்த சீரியல்ல செத்துப் போனீங்கள்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா திரும்பினாள்.

"எம் மகதான். நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்துவிட்டு, "ரொம்ப வருத்தமாப் போச்சுக்கா அன்னைக்கு" என்றாள். "பையன் திரும்பி வந்துட்டான், தெரியுமா? நேத்துதான் வந்தான். உங்க போட்டோ முன்னாடி நின்னு ஒரே அழுகை."

"அப்படியா" என்றேன்.

அம்மா ஒரு நாட்டுப்பழத் தாரை எடுத்து என் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தோம்.