அக்கா பிரித்துப் பார்த்த வண்டி

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கையாகிய என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத நல்ல விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் அவர் என்னை எழுதச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

அக்கா மரக்காணத்தில், உப்பளக் கூலிகளான எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பங்குச் சாமியார் ஒருவரின் உதவியால் படித்துக் கிராமச் சுகாதாரச் செவிலியரானார். உப்பு அரித்துக் கால் வெடித்த பெண்களுக்கு மருந்து கட்டியதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகப் பயந்தவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வந்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு அவர் நர்ஸம்மா.

அக்காவின் கணவரான மாமா ஓர் அம்பாசிடர் காரை வாடகைக்கு ஓட்டிவந்தார். அக்கா அனுப்பும் பிரசவக் கேஸ்களை அவர்தான் திண்டிவனத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் விடியற்காலையில் பச்சையம்மாள் என்ற உப்பளத் தொழிலாளிப் பெண்ணையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போனபோது, பெருமுக்கல் தாண்டியதும் ஒரு வளைவில் கார் நேராகப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாமாவுக்குக் கால் முறிந்தது. பச்சையம்மாள் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

முந்தின இரவு மாமா கல்யாண சவாரி போய்வந்திருந்தார். "டிரைவர் தூங்கிட்டாரு" என்று பச்சையம்மாளின் மாமியார் சொன்னார். பின்சீட்டில் அவரும் அசந்துதான் இருந்திருக்கிறார். ஆனாலும் ஊர் அதையே பிடித்துக்கொண்டது.

"திருப்பினேன், திரும்பல" என்று மாமா எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். இழுத்து வந்த காரை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. உப்புக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்விடுவார். அக்கா அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் 'உங்களை நம்புறேன்' என்றும் சொன்னதில்லை. அப்படியே மாமா சர்க்கரை நோயில் இறந்துபோனார்.

அக்கா ஓய்வு பெற்றதும், மகள் ஸ்டெல்லா அந்தக் காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றாள். "உங்க அப்பா தொடச்சித் தொடச்சி வச்சிருந்த வண்டிடி. ஒரு தடவ ஓட வச்சிப் பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றார் அக்கா. வளைகுடாவில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பியிருந்த காதர் பாயை அழைத்து வந்தார்.

வெளியே பார்க்கக் கார் சுமாராகவே இருந்தது. அடியில் யாரோ கனமாகத் தார் பூசியிருந்தார்கள். பாய் அதைச் சுரண்டினார். தண்ணீர் வடிவதற்காக இருந்த ஓட்டைகளையெல்லாம் தார் அடைத்திருந்தது. உள்ளே இறங்கிய ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் தகட்டைத் தின்றிருந்தன. சுத்தியலால் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டியது. அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் பாய். அக்கா சம்மதித்தார்.

முன்சக்கரத்தைப் பிரித்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஸ்டியரிங்கின் கையைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தது, இன்னொன்று பாதியில் முறிந்து உள்ளேயே நின்றது. அந்தத் துண்டைப் பாய் வெளியே எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது இந்த வண்டி போல்ட்டே இல்ல. இந்த ஓட்டையில இருக்கறது இன்ச் அளவு மரை. எந்தப் பட்டறையிலயோ மில்லிமீட்டர் அளவு போல்ட்ட முறுக்கி உள்ள தள்ளியிருக்கானுங்க. ரெண்டு சுத்துதான் புடிச்சிருக்கும். அதையும் துரு தின்னுடுச்சி."

"அப்போ அவரு தூங்கலையா பாய்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா முழிச்சிருந்தாலும் இந்த வண்டி திரும்பியிருக்காது."

அன்று சாயங்காலமே அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பச்சையம்மாள் வீட்டுக்குப் போனார். பாய் சொன்னதைச் சொன்னார். பச்சையம்மாள் ஆச்சரியப்படவில்லை.

"அவரு எங்க தூங்கினாரு நர்ஸம்மா? எனக்கு வலி வர்றப்பல்லாம், 'தோ வந்துட்டோம்மா, பல்லக் கடிச்சிக்கோ'ன்னு சொல்லிக்கிட்டேதான் ஓட்டினாரு. பள்ளத்துல எறங்கறப்போ 'திரும்பலையே, திரும்பலையே'ன்னு கத்தினாரு. இன்னும் என் காதுல கேக்குது."

"ஏம்மா, இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"புள்ளையப் பறிகொடுத்துட்டுக் கெடந்தேன். அப்புறம் என்னை யாரு கேட்டாங்க? நீங்க கூடக் கேக்கலையே."

விபத்துக்குப் பிறகு பச்சையம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போனவர் அக்கா. திரும்பி வரும் வழியெல்லாம், "ஒரு வார்த்த கேட்டிருந்தா போதுமே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் விஷயத்தில் 'இது போதும்' என்று யார் சொன்ன சமாதானத்தையும் அக்கா ஏற்கவில்லை. சரியான நட்டு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினார். போல்ட்டில் நட்டைப் போட்டுச் சுற்றுவார். விரலால் சுற்றிக் கடைசிவரை இறங்கினால்தான் வாங்குவார். துருவே பிடிக்காது என்று ஒரு கடைக்காரர் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நீட்டினார். அந்த இடத்துக்கு வேண்டிய பலம் அதற்குக் கிடையாது, உப்புக் காற்றில் பக்கத்து இரும்பையும் அரிக்க வைக்கும் என்று பாய் முன்பே சொல்லியிருந்ததால் அக்கா வேண்டாம் என்றுவிட்டார். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. பிரைமர் அடித்து, வடியும் ஓட்டைகளைத் திறந்து, தகட்டின் உட்பக்கமெல்லாம் மெழுகு எண்ணெய் செலுத்தி முடித்தபோது அக்காவின் உடம்பு இளைத்திருந்தது. வேலை மும்முரத்தில் என்று நினைத்தோம். புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது.

கார் ஓடிய முதல் நாள், பச்சையம்மாளை அதில் ஏற்றிக்கொண்டு மாமாவின் கல்லறைக்குப் போக அக்கா ஆசைப்பட்டார். "அந்த வண்டியில என்னால ஏற முடியாதுமா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார் பச்சையம்மாள். அக்கா வற்புறுத்தவில்லை. பாய் ஓட்ட, நாங்கள் இருவரும் போனோம். கல்லறையில் அக்கா நெடுநேரம் தனியாக நின்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் உடம்பு முடியாத நிலையிலும் நல்ல தண்ணீர் பிடித்து, உப்பு தங்காதபடி காரின் அடிப்பாகத்தைக் கழுவினார். அதற்குப் பிறகு அவர் காரில் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு புக்கு கிக்கு போட்டீங்கன்னா, நல்லவ, சேவை செஞ்சவன்னுலாம் எழுதாத. அவரு தூங்கலன்னு எழுது. நாலு பேரு படிக்கட்டும்."

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த பங்கு மக்களுக்கும், காரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கும் துணையாக அலைந்த காதர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் கடைசி நாட்களில் வேலையை விட்டுவிட்டு வந்து கட்டில் அருகில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் மாமாவைப் பற்றிய அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். சிலர் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். தயவுசெய்து இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களைக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லுங்கள். மாமா தூங்கவில்லை.