மகிழினிக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் எங்களுக்கும் கோதண்டம் அண்ணன் குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் மகள் மகிழினியின் கட்டில். இந்தப் பக்கம் என் தையல் மெஷின். மகிழினி விமானம் ஓட்டுகிறவள், துணை பைலட். இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுப்பாள். அவள் படுத்துவிட்டால் நான் மெஷினை மிதிக்க மாட்டேன். பட்டன், கொக்கி என்று கைவேலையாக எடுத்துக்கொள்வேன். பிளாக் முழுக்க அப்படித்தான். மீன்காரம்மாகூட எங்கள் படிக்கட்டுப் பக்கம் வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டு, கதவைத் தட்டி விற்பாள். எங்கள் பிள்ளை ஒருத்தி ஆகாயத்தில் போகிறாள் என்கிற பெருமை எல்லோருக்கும் இருந்தது.

இப்படி எல்லோரும் காத்துக் கொடுத்த தூக்கத்தை அவள் தூங்கவே இல்லை. அது சுவர் வழியாக எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கிறீச்சிடும். குழாய் திறக்கும். பிறகு சத்தமே இருக்காது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நிமிர்ந்தால் பால்கனியில் நிற்பாள், எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் அங்கிருந்தே கேட்டாள். "அக்கா, கண்ண மூடுனா உனுக்கு இன்னா தெரியுது?"

"இருட்டுதான்."

"எனக்கு ரன்வே லைட்டு தெரியுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் விடியற்காலை டூட்டி, அடுத்த வாரம் ராத்திரி டூட்டி. எது பகல் என்பதையே உடம்பு மறந்துவிட்டது. நெஞ்சு காரணமில்லாமல் படபடக்கும். சோறு இறங்காது. வீட்டு ஆட்களோடு பேசவும் பிடிக்காது. ஆபீசில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சொன்னால் டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் எழுதிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், திரும்ப எப்போது ஏற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றாள். அதனால் பைலட்டுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். தூங்காத பைலட் தூங்கவில்லை என்று சொல்வதில்லை. வயிறு சரியில்லை என்று போன் செய்துவிட்டு அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்வார்கள். வயிற்றுக்காக யாரும் லைசென்ஸைப் பிடித்துவைப்பதில்லை.

அவள் அம்மா கெங்கம்மா அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அய்ய, கம்பெனி மொத்தத்துக்குமாடி வயித்தால போவுது?" என்றாள்.

கோதண்டம் அண்ணன் மணலிக்கும் துறைமுகத்துக்கும் டிரெய்லர் ஓட்டுகிறவர். மகள் பேச்சு அவருக்கு ஏறவில்லை. "நாங்கல்லாம் ஹார்பர் கேட்டாண்ட நாள் கணக்கா கியூவுல நின்னுட்டு, தூங்காமத்தான் வண்டி எடுத்தோம். செத்தா பூட்டோம்?"

"செத்தவன் எவனும் திரும்பி வந்து உன்னாண்ட சொல்லல நைனா."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. புருஷன் குடித்தால் குடியை நிறுத்தும் பொடியைக் குழம்பில் கலப்போம். பிள்ளைக்குப் பூச்சி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைப்போம். சொல்லிக் கொடுத்தால் துப்பிவிடுவார்கள், சொல்லாமல் கொடுத்தால் குணமாகும். கெங்கம்மா அக்காவும் அதைத்தான் செய்தாள். தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரையை நுணுக்கி, மகளுக்கு மோரில் கலந்து கொடுத்துவிட்டாள்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று கிசுகிசுத்தாள். "கொறட்ட வுட்டுகினு தூங்குது பாரு எம்பொண்ணு!" கலந்து கொடுத்த கதையையும் சந்தோஷமாகச் சொன்னாள்.

"சாயங்காலம் டூட்டியாச்சேக்கா?"

"கார் வர்றதுக்குள்ள தெளிஞ்சிடும்."

"தெளியலன்னா? அவளாண்ட சொல்லிடுக்கா."

அக்காவின் முகம் மாறியது. உள்ளே ஓடினாள். எழுப்பப் பாடுபட்டிருக்கிறாள். மகிழினி யூனிஃபார்ம் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அக்கா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மகிழினி திட்டவில்லை. பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம்.

கீழே கம்பெனி கார் நின்றது. அவள் ஏறுவதைப் பார்க்க வழக்கம்போல் ஒரு கூட்டம் இருந்தது. சாவியோ என்கிற டிரைவர் கதவைத் திறந்தார். அவள் ஏறவில்லை. தெருச் சத்தத்தில் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, டூட்டி போடுகிற ஆபீசைக் கூப்பிட்டாள். இன்றைக்கு ஓட்ட முடியாது, தூக்க மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்றாள்.

அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "மேடம், வயிறு சரியில்லைன்னு போட்டுடறேன். வேற ஆள் அனுப்பிக்கலாம். விஷயம் முடிஞ்சுது."

"வயிறு நல்லாத்தான் இருக்கு சார்."

"மாத்திரைன்னு எழுதினா மேல ரிப்போர்ட் போகும் மேடம்."

"போகட்டும். கூடவே இதையும் எழுதிக்குங்க. மாசக்கணக்கா எனக்குத் தூக்கமில்ல. மாத்திரையக் கலந்தது எங்கம்மா, தப்புதான். தூக்கத்தக் கெடுத்தது உங்க டூட்டி சார்ட்டு. அத யாரு எழுதுவாங்க?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. கோதண்டம் அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். "மானத்த வாங்காதம்மா! ஒரு வார்த்த வயிறுன்னு சொன்னா இன்னா கொறஞ்சுபூடும்?"

"அடுத்த வாரம் எங்க வலிக்குதுன்னு சொல்றது நைனா? பின்னாடி கொயந்த குட்டியோட ஒக்காந்துகினு இருப்பாங்க. நான் தூங்கி வியிந்தா அவங்களுக்கும் வயித்து வலியா?"

டிரைவர் கார் கதவைச் சாத்திவிட்டு, வண்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார்.

அதோடு அவளை ஓட்டுவதிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தெருவில் பேச்சு கிளம்பியது. பைத்தியமாம் என்றார்கள். மேலே போனால் மூளை கலங்குமாம் என்றார்கள். பெருமைப்பட்ட வாய்கள்தான். கீழ்வீட்டு ரூபினா மட்டும், "தூக்கம் வரலன்னா பைத்தியமா? அப்ப கைக்கொயந்த பெத்தவ எல்லாம் பைத்தியந்தான்" என்று குழாயடியில் ஒரு சண்டையே போட்டாள்.

மகிழினி பார்க்கப்போன மனநல டாக்டரின் கிளினிக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற இடம் என்று, அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே எங்கள் பக்கம் சிரிப்பார்கள். "புரசவாக்கம்னு சொல்லிட்டு ஏறு கண்ணு" என்று கெஞ்சினாள் அம்மா. மகிழினி ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கீழ்ப்பாக்கம் போணும் மாமு. மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டராண்ட" என்றாள். ஸ்டாண்டில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நீயும் வர்றியா? எடம் கீது" என்றாள். அவன் போனை நோண்ட ஆரம்பித்தான்.

வாரா வாரம் அப்படியே போய்வந்தாள். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் படுத்தாள், எழுந்தாள். இப்போதெல்லாம் கட்டில் அவ்வளவாகக் கிறீச்சிடுவதில்லை. ஆனால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. பெரிய டாக்டர்கள் கூடிப் பார்த்துத்தான் சொல்வார்களாம். நடுவில் ஆபீசிலிருந்து ஒருவர் பேசினார். டூட்டியைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டால் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்றார். "ஒரு எழுத்துகூட எடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

போன வாரம் அவள் வீட்டில் பிளவுஸ் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவளோடு ஓட்டிய மூத்த பைலட் ஒருவர். மெதுவாகப் பேசினாலும் பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. தனக்கும் அதே கதிதான் என்றார். டாக்டர் நம்பர் கேட்டார். வேறு பேரில் போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

மகிழினி நம்பரைச் சொன்னாள். பிறகு, "உங்க பேர்லயே போங்க கேப்டன்" என்றாள். "நான் அப்படித்தான் போறேன். ரெண்டு பேரானா கம்பெனிக்கு இத மறைக்கறது கஷ்டம்."

கேப்டன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்காமல், அளவுக்குத் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். நானும் அவள் மேலிருந்து டேப்பை எடுக்கவில்லை.