கோமகன் கையெழுத்து

பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்ட திரேசம்மாவுக்கு இது மூன்றாவது தடவை, கடைசித் தடவையும்கூட. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பண்டகசாலையில் பதினொரு வருடமாகப் பெட்டி கட்டுகிறாள். குழுப் பொறுப்பாளர் இடம் காலியானதும் முதலாளி அவள் பெயரைத்தான் சொன்னார். ஆனால் சான்றிதழ் வேண்டுமாம். இல்லாவிட்டால் நேற்று வந்த ஒருவனுக்குக் கீழேதான் மிச்சக் காலமும் பெட்டி கட்ட வேண்டும். நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பங்குக்கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு ரியூசன் நடத்துகிறவர் பேரின்பநாயகம் மாஸ்ரர். "உங்களுக்குத் தெரிந்த ஒரு நாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்று பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்காக அவர் தேர்ந்தெடுத்த நாடு லக்சம்பேர்க்.

"நாங்கள் காலே வைக்காத நாடு ஏன் மாஸ்ரர்?" என்று கேட்டாள் திரேசம்மாவோடு படிக்கிற ஜென்சி.

"சின்ன நாடு பிள்ளை. மூண்டு அயல்நாடு, மூண்டு பாஷை, ராசா மாதிரி ஒரு கோமகன். பாடமாக்க லேசு. கனடாவைப் பற்றிக் கதைக்கப் போனீரெண்டால் பத்து மாகாணமும் வரும். நீர் செத்தீர்!"

ஊரில் ரியூசன் கொட்டிலில் வளர்ந்த சனம் நோட்ஸைக் கண்டால் விடுமா? ஐந்து பேர் இருந்த வகுப்பில் ஐந்து பேரும் வரி பிசகாமல் பாடமாக்கினார்கள். வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸில் இருந்து வேலைக்குப் போகிற அந்த நீண்ட பஸ் பயணம் முழுக்கத் திரேசம்மாவின் வாய் முணுமுணுத்தது. பெல்ஜியம், பிரான்ஸ், ஜேர்மனி. வடக்கே காட்டு மேடு, கிழக்கே மொசெல் ஆறு, கரையில் திராட்சைத் தோட்டம். அங்கே பஸ்ஸில் ஏறக் காசே தேவையில்லை என்ற வரி வரும்போது மட்டும் அவளுக்கு வயிறு எரியும்.

பரீட்சை ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில். கடவுளே, ஐந்து பேருக்கும் ஒரே நாள், ஒரே பரீட்சகர்! திரேசம்மாதான் கடைசி. உள்ளே போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"லக்சம்பேர்க் மேற்கு ஐரோப்பாவில் அமைந்துள்ள ஓர் அழகிய சிறிய நாடு..."

பரீட்சகர் அம்மா பேனையைக் கீழே வைத்தாள். "மடம், காலையில் இருந்து நான் லக்சம்பேர்க் போவது இது ஐந்தாவது தடவை. உங்கள் எல்லோருக்கும் ஏன் லக்சம்பேர்க்?"

நோட்ஸில் இதற்கு விடை இல்லை. மனதுக்குள் மாஸ்ரரை நாலு கிழி கிழித்தாள். சரி, போனது போகட்டும் என்று, பண்டகசாலையில் சக தொழிலாளிகளோடு சண்டை பிடிக்கிற அதே பிரெஞ்சில் உண்மையைச் சொன்னாள்.

"சின்ன நாடு மடம். பாடமாக்க லேசு."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாடமாக்கியதை விடுங்கள். அந்த நாட்டைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"அது என்னுடைய வீடு மாதிரி" என்றாள் திரேசம்மா. அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஆளில்லை. "இடப்பக்கம் ஹெயிற்றிக்காரர், வலப்பக்கம் இத்தாலிக்காரர், பின்வளவில் லெபனான்காரர். மூன்று எல்லை. நடுவில் நாங்கள். சமையலறையில் தமிழ், மகனோடு பிரெஞ்சு, மருமகளோடு ஆங்கிலம். லக்சம்பேர்க்கிலும் வீட்டில் ஒரு பாஷை, சட்டம் பிரெஞ்சில், பத்திரிகை ஜேர்மனில். மூன்று பாஷை பேசுவதால் அவர்கள் யாரும் அரை ஆள் ஆகிவிடவில்லை. நானும் அரை ஆள் இல்லை, மடம். முழு ஆள்!"

"ஆட்சி எப்படி?"

"கோமகன் என் புருஷன். எல்லாவற்றிலும் கையெழுத்து அவருடையதுதான். முடிவெடுப்பது நாடாளுமன்றம்."

"நாடாளுமன்றம் யார்?"

"அறுபது ஆசனமும் நான்தான்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். பத்து நிமிடப் பரீட்சை இருபத்தைந்து நிமிடம் ஓடியது. பிழைகள் விட்டாளா? தாராளமாக விட்டாள். ஒன்றுக்கும் நின்று திரும்பிப் பார்க்கவில்லை.

நோட்ஸை ஒப்பித்த மற்ற நாலு பேரையும் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். மாஸ்ரர் அசரவில்லை. அடுத்த சனிக்கிழமையே லீக்டென்ஸ்டைன் நோட்ஸோடு வந்து நின்றார். அது இன்னும் சின்ன நாடாம்.

முடிவு வரும் வரும் என்று மூன்று கிழமை திரேசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு கோடை மாலை பதிவுத் தபால் வந்தது. அவள் அடுப்படியில் நிற்க, கணவர் செபமாலைதான் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

"இஞ்சேர், உமக்கொரு கடிதம்!"

கறிக் கையோடு ஓடிவந்து பிரித்தாள். பரீட்சையில் சித்தி! அவள் போட்ட கூச்சலில் மூன்று எல்லையிலும் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சந்தோசத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

"என்னப்பா நடந்தது?" என்று பதறினார் செபமாலை.

"கோமகன் கையெழுத்துப் போட்டிட்டார்!"

"ஆர் கோமகன்?"

"நீங்கள்தான். நாடாளுமன்றம் திங்கட்கிழமை தொடக்கம் பண்டகசாலையிலையும் கூடும்."