எஸ்தர் திறக்காத புற்றுகள்

போன வாரம் ஒரு வைவாவுக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு!

சிரிக்காதீர்கள். நம்ம பக்கம் பி.எச்.டி. வாய்மொழித் தேர்வு என்றால் பாதி கல்யாணம்தான். வாசலில் சந்தனம், கல்கண்டு. உள்ளே சொந்தபந்தம் மொத்தமும். பக்கத்து அறையில் கேசரி, வடை, காபி... தேர்வுக்கு நிற்கிறவரே எல்லோருக்கும் டிபன் வாங்கி வைக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, தெரியவில்லை.

தேர்வு என் பள்ளித் தோழி எஸ்தருக்கு. இடம், எங்கள் சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு கல்லூரி. எஸ்தரின் அப்பா ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சியில் இறங்கினாள். எதைப் பற்றி? கரையான் புற்று!

நெற்றியில் புற்றுமண் பூசிக்கொண்டு பரீட்சைக்குப் போன கூட்டம் நாங்கள். எஸ்தர் கிறிஸ்தவள், பூச மாட்டாள். ஆனால் யாராவது பூசினால் பக்கத்தில் வந்து நின்று, ‘ஏன் பூசுதீங்க?’ என்று கேட்பாள். எரிச்சலாக இருக்கும்.

எங்கள் ஊர்ச் சாமியே ஓர் உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாள். அப்படிப்பட்ட ஊரிலும் பத்தாவது முடித்த பிள்ளையிடம் ‘சயின்ஸா, ஆர்ட்ஸா?’ என்று கேட்டு, ஒன்றை எடுத்தால் இன்னொன்றை மறந்துவிட வேண்டும் என்கிறோம். எஸ்தர் சயின்ஸ் எடுத்தாள். நூலகத்திலிருந்து எடுத்ததெல்லாம் சரித்திரப் புத்தகம். ‘உருப்பட மாட்டா’ என்று ஒரு வாத்தியார் என்னிடமே சொன்னார்.

சரி, புற்றுக்கு வருகிறேன். உள்ளே ஈரம் எப்படி, சூடு எப்படி, சுற்றியுள்ள மண்ணுக்கு அது என்ன செய்கிறது... இதெல்லாம் தெரிய வேண்டுமானால் புற்றை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்க வேண்டும். எஸ்தர் தன் அப்பாவின் கடைக் கடப்பாரையோடு குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்குப் போனாள். அங்கே மஞ்சள் பூசி, சேலை சுற்றிய ஒரு புற்றுக்கு முன்னால் மாடத்தி நின்றுகொண்டிருந்தார். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரி.

“வேதக்காரப் புள்ளைக்கு எங்க புத்துல என்ன சோலி?”

“உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்க்கா.”

“உங்க கோயிலுக்கு நாங்க என்னைக்காவது கடப்பாரையோட வந்து பாத்தமா?”

எஸ்தர் கடப்பாரையைக் கீழே வைத்தாள். கும்பிடுகிற புற்று எதையும் திறக்க மாட்டேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் வேறு காட்டுக்குப் போயிருப்பார்கள். இவள் போகவில்லை. இந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசுகிறீர்கள், பத்தடி தள்ளி இருப்பதற்கு ஏன் பூசவில்லை? எப்போது தொடங்கியது? யார் வீட்டுக்குப் பாத்தியம்? புஞ்சை புஞ்சையாக உட்கார்ந்து கேட்டாள். வெயிலில் கறுத்துப்போனாள். கும்பிடாத புற்றுகளை வெட்டி அளந்தாள். கும்பிடுகிற புற்றுகளின் கதையை எழுதினாள். அந்தக் கதைகள்தான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்.

வினை அங்கேதான் வந்தது. கைடு நல்ல மனிதர்தான், ஆனால் படித்துவிட்டுச் சொன்னார்: “இது பூச்சியியல்மா. பூசாரியியல் இல்ல.”

அவரே வழியும் சொன்னார். திறக்காத புற்றுகளை அட்டவணையிலிருந்து நீக்கிவிடு, நான்காம் அத்தியாயத்தையும் நீக்கிவிடு, வேலை சுத்தமாக முடிந்துவிடும். எஸ்தர் மாட்டேன் என்றாள், கைடு அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார். ஏடு பல்கலைக்கழகத்துக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கூட ஆரம்பித்தவர்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டார்கள்.

‘ஏன்ட்டி இந்தப் பிடிவாதம்?’ என்று போனில் கேட்டேன்.

“ஏட்டி, நான் வெட்டுனது எல்லாம் யாரும் கும்பிடாத புத்து. மத்தத நான் உள்ள பாக்கவே இல்ல. அத மறச்சுட்டு, ‘இந்தப் பக்கத்துப் புத்தெல்லாம் இப்படித்தான்’னு எழுதுனா அது பொய்லா?”

எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. மீதி வைவா அன்று புரிந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அளவுகளைப் பாராட்டினார். படங்களைப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த நாலாவது சாப்டர் மட்டும் வேண்டாமேம்மா. எடுத்துடறேன்னு சொல்லுங்க, இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். இல்லேன்னா திருப்பித்தான் அனுப்பணும்.”

டிபன் அறை வாசலில் எஸ்தரின் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இன்னொரு முறை திரும்பினால் அவ்வளவுதான், பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிகிறது என்று எனக்கும் தெரியும். ‘சரின்னு சொல்லித் தொலையேன்ட்டி’ என்று மனசுக்குள் கத்தினேன்.

“எடுக்க மாட்டேன், சார்.”

“பூச்சி ஆராய்ச்சியில ஜனங்களோட நம்பிக்கைக்கு என்னம்மா வேலை?”

அதுவரை மேடைத் தமிழில் பேசியவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “எந்தப் புத்து நிக்கணும், எது மம்பட்டிக்குப் போகணும்னு இங்கன முடிவு பண்ணுதது அந்த நம்பிக்கைதான், சார். கரையானுக்கு அதுவும் மழை வெயில் மாதிரிதான். மழைய எழுதுதேன், அத எழுத வேண்டாமா? என் அட்டவணைல பாதிக் கட்டம் காலியா கெடக்கு. ஏன் காலின்னு அந்த அத்தியாயந்தான் சொல்லுது.”

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். கைடுதான் அவசரமாக எழுந்து, “பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்” என்றார். இது ஒரு சம்பிரதாயம். முன்கூட்டியே சொல்லிவைத்த மாணவர் எழுந்து, சொல்லிவைத்த கேள்வியைக் கேட்பார். ஆனால் எழுந்தது மாடத்தி! எஸ்தர்தான் அவரை அழைத்திருந்தாள்.

“நான் கேக்கலாமா? ஏ எஸ்தரு... எங்க புத்துக்குள்ள அம்மன் இருக்காளா, இல்லையா? இம்புட்டுப் படிச்சிருக்கேல்லா. இத்தன பேரு முன்னால சொல்லு.”

போச்சு என்று நினைத்தேன். இருக்கிறாள் என்றால் தேர்வாளர் ஏட்டை மூடிவிடுவார். இல்லை என்றால், இத்தனை வருஷம் கதை சொன்ன மாடத்தியின் முகத்தில் எப்படி விழிப்பது?

எஸ்தர் யோசிக்கவே இல்லை. “தெரியாதுக்கா.”

“என்னட்டி, தெரியாதுன்னு சொல்லுத?”

“திறக்க மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்லா. திறந்து பாக்காதத இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். தெரியாதுன்னுதான் எழுதிருக்கேன்.”

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒருவேளை அவங்க சம்மதிச்சா?”

“நாளைக்கே திறந்துருவேன், சார்.”

“நாங்க சம்மதிக்க மாட்டோம்லா” என்றார் மாடத்தி, அதே வேகத்தில்.

கூடம் மொத்தமும் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டவணைப் பக்கத்தைத் திருப்பி, அந்தக் காலிக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான்காம் அத்தியாயத்தோடு! எனக்குக் கண் கலங்கிவிட்டது, பட்டுப்புடவை முந்தானை பாழ்.

நமக்குத் தெரிந்ததைச் சொல்ல மேடைகள் ஏராளம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ஏன் தெரியாது என்பதையும் எழுதி, அதற்காகப் பட்டத்தையே பணயம் வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அறிவியலையும் மனுஷக் கதையையும் சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றுக்குக் கும்பிடு போட வைக்கிறார்கள். எஸ்தர் இரண்டையும் நிமிர்ந்து நிற்க வைத்தாள்.

டிபன் அறையில் மாடத்தி கேசரியை முடித்துவிட்டு எஸ்தரிடம் வந்தார். “வெள்ளிக்கெழம புத்துக்குப் பால் ஊத்துதோம். வந்துரு. கடப்பாரை கொண்டாரக் கூடாது.”

“வாரேங்க்கா. டேப் மட்டும் கொண்டாரேன். சுத்தளவு எடுத்துக்கிடலாம்லா?”

மாடத்தி கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டார். “வெளிய மட்டும்.”

டாக்டர் எஸ்தருக்கு அது போதும்!