வைத்தி சாருக்கு மௌன அஞ்சலி வேண்டாம்

வைத்தி சார் போய்விட்டார் என்ற செய்தி நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் சுனாபட்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலில் பெயர், பிறகு தகன நேரம், அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கைகளுக்கு நடுவே செயலாளர் எழுதியிருந்தார்: "அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்ட மனிதர் அதிர்ந்து எப்படிப் பேசுவார்? அதற்கு முன்பு அவர் பேசினால் எங்கள் ஆபீஸில் பக்கத்து செக்ஷன்காரர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாக வேண்டும். அவரோடு ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருந்தால் செயலாளருக்கு அது தெரிந்திருக்கும்.

மறுநாள் அந்தச் செயலாளரே போன் செய்தார். "செல்வி மேடம், நீங்கதான் அவர்கூட வேலை பார்த்தவங்க. மலர்ல போட ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லதா நாலு வார்த்தை போதும்." ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம், படத்துக்கு மாலை, இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி, அப்புறம் டீ என்றும் சொன்னார். நாலு வார்த்தையோடு என்னால் நிறுத்த முடியாது. சங்கத்து நண்பர்களே, இதை வெட்டாமல் போடுங்கள்.

வைத்தீஸ்வரன் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். நான் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரு கப்பல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மின்விசிறியின் வேகத்தில் ஆரம்பித்து எதற்கெடுத்தாலும் சண்டை போட்டோம். சண்டை போட்டுப் போட்டே சிநேகிதமானோம். ஓய்வு பெற்ற பிறகு செம்பூரில் நம் சங்கத்தின் வாசிப்பறையை இருவரும் பார்த்துக்கொண்டோம். ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களைக் கெஞ்சி வாங்கி வந்து அங்கே வரிசையாக வைத்தவர் அவர்தான்.

அந்தக் கிழட்டு இயந்திரங்களில் லினக்ஸ் என்ற சிஸ்டம்தான் ஓடும். யாரும் காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அது பிரச்சினையாக இல்லை. எலிதான் பிரச்சினை. கீபோர்டு வயர், மவுஸ் வயர் ஒன்றை விடாமல் கடித்து வைத்தது. வயர் இல்லாததாகவே வாங்குவோம் என்று புளூடூத் கீபோர்டுகளை வாங்கினோம். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கும். அதை அடிக்கக் கீபோர்டு வேண்டும். கீபோர்டோ, உள்ளே போன பிறகுதான் சேர்வேன் என்று அடம்பிடிக்கும். விற்றவர்களின் உதவி மையத்துக்கு போன் போட்டால், எங்கள் பொருள் லினக்ஸில் வேலை செய்யாது, வேறு சிஸ்டம் வாங்குங்கள் என்றார்கள். வைத்தி சார் போனில் ஹிந்தியில் கத்திய கத்தலில் வாசலில் காய்கறி வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

இணையத்தில் யார் யாரோ எழுதிவைத்ததைப் படித்து, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டி, கடைசியில் வழி கண்டுபிடித்தோம். கீபோர்டை ஜோடி சேர்ப்பதோடு விட்டால் அடுத்த தடவை கம்ப்யூட்டரைப் போடும்போது அது நம்மைத் தெரியாத மாதிரி நிற்கும். அதை நம்பலாம் என்று இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். "ஜோடி சேர்த்தா மட்டும் போறாது செல்வி, டிரஸ்ட்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் நாளைக்குக் காலம்பற தானா வந்து ஒட்டிக்கும்" என்றார். சில நாள் திரையில் சேர்ந்துவிட்டதாகக் காட்டும், ஒரு எழுத்தும் விழாது. "கனெக்டட்னு காட்டறது, வேலை செய்யலை. நம்ம கமிட்டி மாதிரி" என்பார். கமிட்டிக்காரர்கள் முகத்துக்கு நேரேயும் சொன்னார். அதை அவர்கள் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

பிறகு அந்த அறுவை சிகிச்சை. எலிக்காகக் கற்ற வித்தை அவருக்கே தேவைப்பட்டது. லேப்டாப் தோள்பையில், கீபோர்டு மடியில், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் சட்டைப் பையில். அவர் தட்டுவதை ஓர் இயந்திரக் குரல் தமிழில் படிக்கும். ரயில்வே அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அவர் விடுவாரா? தன் பாலக்காட்டுத் தமிழையே அதன் வாயில் திணித்தார். "என்ன சார், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பேசுதிய?" என்று கேட்டேன். "வண்டி லேட்டா வரும், பொறுத்துண்டு நில்லு" என்றது சட்டைப் பை. சிஸ்டத்தில் ஏதாவது புதுப்பித்தால் ஸ்பீக்கர் மறுபடி அடம்பிடிக்கும். அப்போது உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். இருங்கள், சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இருப்போம்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜையன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மீனா மாமி புத்தகங்களோடு லேப்டாப்பையும் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜையில் வைத்துவிட்டார். வைத்தி சார் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். "பூஜையிலே வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்குத்தான்" என்று மாமி சமையலறைக்குப் போய்விட்டார். குரலைத் தூக்கிப் பூஜையில் வைத்துவிட்டோம் என்பது அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. இவர் பூனை மாதிரி எழுந்து போய்க் கீபோர்டை மட்டும் எடுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் சரஸ்வதி படத்துக்குப் பின்னாலிருந்து அசரீரி கேட்டது: "மீனா, காபி." மாமி கரண்டியோடு ஓடி வந்து படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சக்கரை கொஞ்சம் தூக்கலா" என்றது படம். மாமி சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பூஜையிலும் அந்தக் கீபோர்டு ஏறவில்லை.

இனி நம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். வாசிப்பறையைக் காலி செய்து விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுவது என்று தீர்மானம். எதிர்த்துப் பேச வைத்தி சார் பெயர் கொடுத்திருந்தார். நாள் கணக்கில் உட்கார்ந்து தட்டிய பேச்சு. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாமல் அங்கே வந்து வேலைக்கு மனுப் போடும் பெண்களைப் பற்றி அதில் எழுதியிருந்தார். உடம்பு முடியாமல் டாக்ஸியில் வந்து இறங்கினார். புது ஹால் வரைபடத்தைத் திரையில் காட்ட வேண்டும், லேப்டாப் கொண்டுவர மறந்துவிட்டது என்று பொருளாளர் அவருடையதைக் கேட்டு வாங்கிப் புரொஜக்டர் வயரைச் செருகினார். தன் அறை இல்லாத வரைபடத்தைத் தன் கம்ப்யூட்டரிலேயே காட்டக் கொடுத்தார் அந்த மனிதர்.

அவர் முறை வந்தது. பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. வயர் செருகியதும் சத்தமும் அதன் வழியே புரொஜக்டருக்குப் போய்விட்டது, புரொஜக்டரில் ஸ்பீக்கர் கிடையாது. அவ்வளவுதான் கோளாறு. திரையில் ஓர் இடத்தை மாற்றினால் தீர்ந்தது. அவர் அதைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் குனிந்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் ஆயிடுச்சு சார். எழுதிக் குடுங்க, மினிட்ஸ்ல சேத்துக்கறோம்." பொருளாளர், "ஓசியில கிடைக்கிற சாஃப்ட்வேர்னா இப்படித்தான்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் எழுந்து, "அவுக பேசி முடிக்கட்டும், கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டியளா?" என்று கத்தினேன். உட்காருங்கள் மேடம் என்றார்கள். கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது.

எல்லாரும் வடைக்கு வரிசையில் நின்றபோது யாரோ புரொஜக்டர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். உடனே அவர் சட்டைப் பையிலிருந்து குரல் வந்தது. "ஆகையினால இந்த அறையை மூடினா அவா எல்லாம் எங்கே போவா?" என்று நடுவிலிருந்து கேட்டது. அவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். வரிசையில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டை நீட்டினார்கள். அவர் நிறுத்தினார். டாக்ஸியில் எனக்காகத் தட்டினார்: "கேட்டியா செல்வி, மறுபடி ஒட்டிண்டுடுத்து." அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை.

இப்போது அவருக்கு மௌனத்தை அஞ்சலியாகக் கொடுக்கப் போகிறீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்தது போதாதா? மாமி அவர் குரலைப் பூஜையில் வைத்தது பாசத்தில், தெரியாமல். நீங்கள் அவரைப் படமாக்கி மாலை போட்டு வைப்பது தெரிந்தேதான். படம் கமிட்டியைக் கேள்வி கேட்காது என்ற நிம்மதி உங்களுக்கு. அமைதியானவர், மென்மையானவர் என்று மேடையில் யாராவது சொன்னால் நான் அங்கேயே எழுந்து நிற்பேன்.

லேப்டாப், கீபோர்டு, ஸ்பீக்கர் மூன்றையும் மாமி என்னிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பேச்சு முதல் வரியிலிருந்து அப்படியே இருக்கிறது. வாசிப்பறை இன்னும் காலியாகவில்லை. தீர்மானத்தை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த உயர்த்திய உள்ளங்கையைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதை உங்கள் முன்னால் உயர்த்துவேன். ஸ்பீக்கர் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை அதற்குக் கொடுங்கள். சேர்ந்ததும் உட்காருங்கள், வைத்தி சார் பேசுவார்.