மாமாவின் தலைமேல் செய்த சத்தியம்

கோல்கீப்பர் பந்தை எந்தத் திசையில் உதைத்தாலும் அது எங்கள் மாமாவின் நெற்றியைத் தேடிக்கொண்டுதான் வரும் என்று சின்னமனூரில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். பகலில் வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுவார், சாயங்காலம் ஃபுட்பால் ஆடுவார். அந்தப் பிரசித்தி பெற்ற தலைக்குப் பயிற்சி கொடுத்தது ஐந்தாம் வகுப்புப் படித்த நான்தான் என்பது ஊருக்குத் தெரியாது. இது தொண்ணூற்றெட்டாம் வருடம்.

பயிற்சி முறை மாமாவே கண்டுபிடித்தது. பழைய தோல் பந்தைக் கல்லோடு சாக்கில் கட்டி, காலையிலேயே வாய்க்காலில் முக்கி வைக்க வேண்டியது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு மதகின்மேல் ஏறி நின்று, அவர் தலைக்கு ஐம்பது முறை எறிய வேண்டும். நாள் முழுக்க ஊறிய பந்து சும்மா இருக்குமா, கல்லாகக் கனக்கும்.

"தாரு சுமந்து சுமந்து தோளு காச்சுப் போயிருக்குல்ல? மண்டையும் அப்பிடித்தேன்த்தா. இதத் தாங்கிட்டா மேட்ச்சுல வர்ற பந்தெல்லாம் பஞ்சு" என்பார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தோள் காய்த்துப் போகும், மண்டைக்குள் இருப்பது காய்த்துப் போகாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நான் கணக்கில் கெட்டிக்காரி வேறு. ஐம்பதில் ஒன்று குறைய விட்டதில்லை.

ஒருநாள் ஐம்பதும் முடிந்து மாமா வரப்பில் உட்கார்ந்தார். பந்து அவர் மடியில் இருந்தது.

"ஏத்தா, பந்து எங்கன?" என்றார்.

கிண்டல் பேர்வழி, விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் குனிந்து மடியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இன்னைக்கு எத்தன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்டார்.

"தல வலிக்குதா மாமா?"

"லேசாத்தேன். ஒங்கம்மாட்டச் சொல்லீராத. ஞாயித்துக்கெழம மில்லு டீமுக்கு ஆளெடுக்க வாராக. தெரிஞ்சா அக்கா என்னய ஆட விடாது."

சொன்னால் மாமாவுக்குக் கிடைக்கவிருந்த மில் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மாமாவுக்கே ஏதாவது ஆகிவிடும். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மாமாவின் தலைக்காக நான் அதைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் பந்தைச் சாக்கில் போடாமல் வாய்க்காலில் விட்டுவிட்டேன். போய்த் தொலையாமல் அது மதகு ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுத்துத் தள்ளிவிட்டேன். வாழைத்தோப்பு வளைவில் அது மறையும்வரை குச்சியோடு அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் மாமா வாய்க்கால் கரையோடு வெகுதூரம் தேடிவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு வந்தார். "பந்த எங்கனத்தா வச்ச?" என்றார். நாய் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மறந்துபோச்சு மாமா."

"காலையில வச்சது மறந்துபோச்சா?"

"ஆமா."

"சத்தியமா?"

அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். எங்கள் பக்கம் ஒருவர் தலையில் கைவைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்குத்தான் ஆகாது. அது தெரிந்தும், அந்தத் தலையைக் காப்பாற்றுவதற்காகவே அதன்மேல் கைவைத்தேன். "சத்தியமா மறந்துபோச்சு."

திட்டுவார் என்று பார்த்தால், மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப ஒனக்குந்தேன் மறக்குது! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு பல நாள், பொய்ச் சத்தியம் அவர் தலையை என்ன செய்யுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். பயப்படுவதை விட்டுவிட மாமாவுக்கு ஒரு காரணத்தை நானே கொடுத்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே வேறொரு பந்து கொண்டு வந்தார். நான்தான் எறிந்தேன்.